பிரிஜிட்டின் பிள்ளைகளைத் தேடிய காலம்

ஓய்வு பெற்ற பிறகும் காலையில் பத்திரிகையின் இறப்பு அறிவித்தல்களைத்தான் முதலில் பார்க்கிறேன். இப்போது யாரையும் தேட வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனாலும் கண் தானாக அங்கே போய்விடுகிறது. இறந்தவர் யாருடைய தாய், யாருடைய மாமியார், பேரப்பிள்ளைகள் யார் என்று மனம் கோடு போடத் தொடங்குகிறது. என் கணவர் தேநீரை முன்னால் வைத்துவிட்டு, "வேலை முடிஞ்சுது சறோ, விடும்" என்பார். எனக்கு விட முடியவில்லை.

மெல்பேர்னில் ஒரு பெரிய வைத்தியசாலையின் மரபணுப் பிரிவில் வேலை செய்தேன். என் வேலைக்குத் தமிழில் ஒரு பெயர் இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு நோயாளிக்குப் பரம்பரை நோய் இருப்பது தெரியவந்தால், அவருடைய குடும்பத்தின் மற்றக் கிளைகளில் யார் யார் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடித்து, "உங்களுக்கும் இது இருக்கலாம், பரிசோதித்துப் பாருங்கள்" என்ற செய்தி அவர்களைப் போய்ச் சேரச் செய்வதுதான் வேலை. அண்மையில் அந்தப் பிரிவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் என்னைப் பேசக் கூப்பிட்டார்கள். குழாயில் எச்சிலைத் துப்பி அனுப்பினால் தூரத்து உறவினர்களின் பெயர்கள் கணினியில் வந்து விழுகிற காலம் இது. "அந்தக் காலத்தில் எப்படித்தான் செய்தீர்கள்?" என்று கேட்டார்கள். அன்றைக்கு நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அரைவாசியில் எழுந்து சன்னலோரம் போய் நின்றுவிட்டேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் தாதியாக இருந்தவள் நான். இங்கே வந்து, கிளேட்டனில் ஒரு வாடகை அறையில் இருந்து பரீட்சைகள் எழுதி, இருதய வார்டில் சில வருடம் நின்று, பிறகு மரபணுப் பிரிவுக்குப் போனேன். படித்ததைப் பற்றி எழுத வேறொன்றும் இல்லை. தொழிலைக் கற்றது டாக்டர் ஹெலனிடம்.

ஹெலன் எங்கள் பிரிவின் தலைவர். உயரமானவர், மெதுவாக நடப்பார். நின்றுகொண்டு ஒருவருக்கும் முக்கியமான செய்தி சொல்ல மாட்டார். கதிரையை இழுத்துப் போட்டு, எதிரில் இருப்பவரின் கண்ணுக்கு நேராக வந்த பிறகுதான் வாய் திறப்பார். குடும்பத்தின் படத்தை, இறைச்சிக் கடையில் சுற்றித் தருகிற மாதிரி நீளமான தாளில் பென்சிலால் வரைவார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்கே ஒரு கோடு. நோய் உள்ளவரைக் கறுப்பாக நிரப்ப வேண்டும். ஆனால் பரிசோதனை முடிவு வராமல் ஒன்றையும் நிரப்ப விடமாட்டார். எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்திருந்தாலும் விடமாட்டார்.

தொலைபேசியில் பேசுவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. முதல் கேள்வி, "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" கார் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் யாரோ இப்படியொரு செய்தியைச் சொல்லி, அவர் வேலியில் மோதிய பிறகு வந்த கேள்வி அது. அடுத்தது, "பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?" பேச்சின் கடைசி வாக்கியம், அவர் இனிச் செய்ய வேண்டியது என்ன என்பதாக இருக்க வேண்டும். "பயத்தை மட்டும் கொடுத்துவிட்டு போனை வைக்காதே சறோ," என்பார். "பயத்தோடு ஒரு வேலையையும் கொடு."

என்னை மிகவும் வாட்டியது இன்னொரு சட்டம். நாங்களாகப் போய் ஒருவரின் கதவைத் தட்டக்கூடாது. முதல் சொல் உறவினரிடமிருந்து போக வேண்டும். எங்களுக்கு ஒருவரின் பெயர் தெரியும், வீதி தெரியும், அவருக்கு என்ன ஆகலாம் என்பதும் தெரியும். ஆனாலும் காத்திருக்க வேண்டும். அந்த நாட்களில் நான் மதியச் சாப்பாட்டை நின்றபடி சாப்பிட்டுப் பழகினேன்.

டானியல் என்ற இளைஞர் எங்களிடம் வந்தது ஒரு கோடை முடிவில். வெரிபீயில் புதிதாக வந்த குடியிருப்பில் வீடு கட்டிக்கொண்டு போயிருந்த எலெக்ட்ரீஷியன். நீச்சல் குளத்தில் மகனோடு விளையாடும்போது மூச்சுப் பேச்சில்லாமல் மிதந்திருக்கிறார். அங்கிருந்த காவலாளி இழுத்துப் போட்டு நெஞ்சை அழுத்தி உயிரை மீட்டிருக்கிறாள். அவருடைய தங்கை சிறுவயதில் ஆற்றில் போனவள். தாயின் தம்பியும் அப்படியே. இருவருக்கும் நன்றாக நீந்தத் தெரியும்.

"எங்கள் ஆட்களுக்குத் தண்ணீர் ஆகாது," என்றார் டானியல். சிலருக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது என்று சொல்வதுபோல, சாதாரணமாகச் சொன்னார்.

அவருக்கு இருந்தது இருதயத்தின் மின்னோட்டத்தில் ஒரு கோளாறு. ஒவ்வொரு துடிப்புக்கும் பிறகு இருதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராக இயல்பைவிடக் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுக்கும். சும்மா இருக்கும்போது ஒன்றும் தெரியாது. ஓடினால், குறிப்பாக நீந்தினால், துடிப்பு தடுமாறி நின்றுவிடலாம். ஈசிஜி எடுத்தால் பெரும்பாலும் தெரியும். தினமும் ஒரு மாத்திரையோடு பலர் கிழவராகும்வரை வாழலாம். ஆனால் இருப்பது தெரிய வேண்டும். பெற்றவரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் வருவதற்கும் வராமல் விடுவதற்கும் சம வாய்ப்பு.

அது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் எங்கெங்கே போயிருக்கிறது என்று தெரியும். டானியலின் பாட்டியின் தங்கை பாட் இன்னும் இருந்தார். முதியோர் இல்லத்தில் எந்நேரமும் தொப்பியோடு இருக்கிற மூதாட்டி. தன் தாய் பிரிஜிட்டின் கதையை அவர்தான் சொன்னார். அயர்லாந்தின் மேற்குக் கரையில் பிறந்தவள் பிரிஜிட். தாய் இறந்த பிறகு, பால்பற்கள் விழுகிற வயதில், ஒரு சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறி மெல்பேர்னுக்கு வந்தாள். தம்பியை ஊரில் விட்டுவிட்டு வந்தாள். அவன் பிறகு ஆற்றில் மூழ்கிப் போனான் என்று செய்தி வந்ததாம். பிரிஜிட் ஏற்கெனவே பிள்ளைகள் இருந்த ஒருவரைக் கட்டினாள். அவளும் நிறையப் பெற்றாள். அவளுடைய பிள்ளைகள் சிலர் தண்ணீரில் போனார்கள், ஒருத்தி ஓட்டப் பந்தயத்தில் விழுந்து இறந்தாள்.

"கப்பலில் வரும்போது கடலுக்குக் கொடுக்க வேண்டியதை அம்மா கொடுக்கவில்லை என்று சித்தி சொல்வாளாம்," என்றார் பாட். "அதனால் கடல் பின்னால் வந்து எடுக்கிறதாம். நாங்கள் எல்லோரும் அதை நம்பித்தான் வளர்ந்தோம்."

பிரிஜிட்டுடைய கணவரின் முதல் தாரத்துப் பிள்ளைகளின் வழியில் வந்தவர்களைப் பரிசோதித்தோம். ஒருவருக்கும் இல்லை. பிரிஜிட்டின் வழியில் இரண்டு வெவ்வேறு கிளைகளில் இருந்தது. கோளாறைக் கப்பலில் கொண்டுவந்தவள் அந்தச் சிறுமிதான் என்று அப்போது உறுதியானது. தாளை மேசையில் விரித்து, பிரிஜிட்டின் வட்டத்திலிருந்து இறங்கும் கோடுகளை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்தேன். ஒரு கோடு மட்டும் பெயரோடு நின்றுவிட்டது. நோரா என்ற மகள்.

"நோரா சிட்னிக்குப் போய்விட்டாள்," என்றார் பாட்.

"யாரைக் கல்யாணம் செய்தார்?"

"அந்தப் பெயர் எங்கள் வீட்டில் சொல்லப்படுவதில்லை."

வேறு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்த ஒருவனைக் கட்டியதற்காக வீட்டை விட்டு விலக்கப்பட்டவள் நோரா. இது எனக்குப் புதிய கதையல்ல. மதத்துக்காகவும் சாதிக்காகவும் பெயரே இல்லாமல் ஆக்கப்பட்ட பெண்கள் எங்கள் ஊரிலும் இருந்தார்கள். அடுத்தடுத்த வாரங்களில் பாட்டைப் பார்க்கத் திரும்பத் திரும்பப் போனேன். தேநீர் குடித்தோம், வானிலை பேசினோம். ஒரு நாள் பொறுமை கெட்டுச் சொன்னேன்: "உங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தண்ணீரைப் பற்றிப் பயம் சொல்லி வளர்த்தீர்கள். நோராவின் பேரப்பிள்ளைகளுக்கு அதைக்கூட ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள்."

பாட் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். கொஞ்ச நேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு நோராவின் கணவர் பெயரை, எழுத்தெழுத்தாக, ஒரு பிழையும் இல்லாமல் சொன்னார்.

அதற்குப் பிறகு என் வேலை. திருமணப் பதிவுகள், வாக்காளர் பெயர்ப் பட்டியல்கள், பழைய பத்திரிகைகள். ஆண்களைத் தேடுவது சுலபம், பெயர் மாறாது. பெண்கள் திருமணத்தில் காணாமல் போய், பெரும்பாலும் இறப்பு அறிவித்தலில்தான் திரும்பக் கிடைப்பார்கள். நோராவுக்கு ஒரே மகள். அந்த மகளின் இறப்பு அறிவித்தலைச் சிட்னிப் பத்திரிகை ஒன்றில் கண்டுபிடித்தேன். காலஞ்சென்ற கேரனின் தாய், யோகேஸ்வரனின் மாமியார், மீராவின் அன்புப் பாட்டி என்று இருந்தது.

யோகேஸ்வரன். மாதக்கணக்காகப் பிரிஜிட், நோரா, பாட் என்று எழுதிக்கொண்டிருந்த தாளில் அந்தப் பெயரை எழுதும்போது என் கை நின்றது. பெயருக்குச் சந்தோஷப்பட நேரம் இருக்கவில்லை. கேரன் காலஞ்சென்றவர். தாய்க்கு முன்னால் இறந்த மகள். எப்படி இறந்தார்? மீராவுக்கு என்ன வயது?

டானியல் தன் பெயரில் யோகேஸ்வரனுக்குக் கடிதம் அனுப்பினார். பதில் வரவில்லை. இரண்டாவதும் போனது. வரவில்லை. நான் ஹெலனின் அறைக்கு ஒரு நாளில் எத்தனை தடவை போனேன் என்று எனக்கே தெரியாது. "அவர்கள் தமிழர்கள். மேய்ஸ் ஹில் முருகன் கோயிலுக்கு வராமல் இருக்க மாட்டார்கள். சனி ஞாயிறில் நான் சிட்னிக்குப் போகிறேன்," என்றேன்.

ஹெலன் கதிரையை இழுத்து என் எதிரில் போட்டார். "கும்பிடப் போவதென்றால் போ. ஆளைத் தேடப் போவதென்றால் இந்த வேலையை விட்டுவிட்டுப் போ. அந்த மனிதரை ஒரு கோயிலில் வைத்துப் பிடிக்கிற உரிமை உனக்கு இல்லை."

ஆனாலும் அவர் சும்மா இருக்கவில்லை. வைத்தியசாலையின் நெறிமுறைக் குழுவிடம் போய் வாதாடி, ஒரே ஒரு தொலைபேசி அழைப்புக்கு அனுமதி வாங்கி வந்தார். நான் எடுக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

யோகேஸ்வரன் ஆங்கிலத்தில்தான் பேசினார். வீட்டில் இருப்பதாகச் சொன்னார். மகள் பள்ளிக்கூடத்தில் என்றார். நான் செய்தியைச் சொல்லத் தொடங்கி இரண்டு வாக்கியம் போகவில்லை, இடைமறித்தார்.

"நீங்கள் யாழ்ப்பாணமோ?"

"ஓம்."

"அப்ப தமிழிலயே கதையுங்கோ அக்கா."

தமிழில் சொன்னேன். ஆங்கிலத்தில் நூறு குடும்பங்களுக்குச் சொன்னதுதான். தமிழில் சொல்லும்போது ஒவ்வொரு சொல்லும் கனமாக விழுந்தது. குடும்பத்தில் யாராவது மயங்கி விழுந்ததுண்டா, வலிப்பு என்று யாருக்காவது சொன்னார்களா என்று கேட்டேன். இந்தக் கோளாறில் வரும் மயக்கத்தை வைத்தியர்களே வலிப்பு என்று பிழையாக நினைப்பதுண்டு.

"எங்கட வீட்டில அப்பிடி ஒண்டும் இல்லை." நான் கேட்டு முடிக்குமுன் வந்த பதில். "மனிசி காய்ச்சல் வந்து செத்தவ. மகள் நல்ல சுகமா இருக்கிறாள். ஸ்கூல் நீச்சல் ரீமில முதலாவதா வாறவள். தயவு செய்து இனி எடுக்காதேங்கோ."

நீச்சல் என்ற சொல்லைக் கேட்டதும் நான் எழுந்துவிட்டேன். ஹெலன் என் கையைப் பிடித்து இருத்தினார். கடைசி வாக்கியத்தைச் சொன்னேன்: "ஒரு ஈசிஜி மட்டும் எடுப்பியுங்கோ தம்பி. நோகாது, ஊசியும் இல்லை. எடுக்கும்வரைக்கும் பிள்ளையைத் தண்ணிக்குள்ள விடாதேங்கோ." அவர் வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிக் கடத்தினேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. வீட்டில் குசினிக்குள் போவேன், எதற்கு வந்தேன் என்று தெரியாமல் திரும்பி வருவேன். வானொலியில் சிட்னிக் குளம், சிட்னிக் கடற்கரை என்று ஏதாவது கேட்டால் சத்தத்தைக் கூட்டிவிட்டு அதன் முன்னாலேயே நிற்பேன். அவர் பொய் சொன்னார் என்று எனக்குத் தெரியும். ஏன் சொன்னார் என்றும் தெரியும். பெண் பிள்ளையின் தாய்க்கு வலிப்பு என்று எங்கள் ஆட்களுக்குத் தெரியவந்தால் என்ன பேசுவார்கள் என்பதை அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை, எனக்கு அவரும் சொல்லத் தேவையில்லை.

ஒரு பிற்பகல் என் மேசைத் தொலைபேசி அடித்தது. சின்னக் குரல், சுத்தமான அவுஸ்திரேலிய ஆங்கிலம்.

"நான் மீரா. டாட்டின் போனில் இந்த நம்பர் இருந்தது. நீங்கள் எடுத்த நாளிலிருந்து அவர் என்னை நீந்த விடுவதில்லை. ஒவ்வொரு தடவையும் ஒரு சாட்டு. நீங்கள் அவரிடம் என்ன சொன்னீர்கள்?"

அவளுக்கு வயது பதினான்கு. தகப்பனின் சம்மதம் இல்லாமல் அவளிடம் நான் ஒன்றும் சொல்லக்கூடாது. அவர் அவளைத் தண்ணீரிலிருந்து தள்ளி வைத்திருக்கிறார் என்று அறிந்ததும் கண் நிறைந்துவிட்டது. குரலில் அது தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

"அதை அப்பாவிடம் கேளம்மா."

"கேட்டேன். எழும்பி கராஜுக்குப் போய்விடுகிறார். இது மம்மைப் பற்றியதா? மம்மைப் பற்றி என்றால்தான் அப்படிப் போவார்."

"அப்பா உன்னில் கோபமாக இல்லை. அவர் செய்வது சரியான காரியம். நீ என்னோடு பேசினதை அவரிடம் ஒளிக்காமல் சொல்லு. நான் இங்கே இருக்கிறேன், அவர் எந்த நேரமும் எடுக்கலாம் என்று சொல்லு. அதுவரைக்கும் நீந்தாதே."

"ஓகே அன்ரி," என்றாள். அன்ரி என்று அவள் சொன்னது அப்போதுதான். என் பெயரைக் கேட்டிருக்க மாட்டாள். என் ஆங்கிலத்தில் இருந்த தமிழைக் கேட்டிருப்பாள்.

அடுத்த நாள் அவர் எடுத்தார். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"கேரனுக்கு வலிப்பு எண்டுதான் டொக்டர்மார் சொன்னவை. மருந்தும் குடுத்தவை. பஸ் பிடிக்க ஓடேக்க ஒருக்கா விழுந்தவ. பிறகு மீரா சின்னனா இருக்கேக்க திருப்பி விழுந்தவ, எழும்பேல்லை. என்ர அம்மா சொன்னவ, பொம்பிளைப் பிள்ளை இருக்கு, ஒருத்தருக்கும் வலிப்பு எண்டு சொல்லாதை எண்டு. நானும் காய்ச்சல் எண்டு ஊருக்கெல்லாம் சொல்லிப்போட்டன். மீராவுக்கும் அப்பிடித்தான் சொல்லி வைச்சிருக்கிறன் அக்கா."

சிட்னியிலேயே நல்ல வைத்தியர்கள் இருக்கிறார்கள், அங்கே ஒழுங்கு செய்கிறேன் என்றேன். "இல்லை, நாங்கள் உங்களிட்டையே வாறம்" என்றார். பள்ளி விடுமுறையில் மகளைக் காரில் ஏற்றிக்கொண்டு வந்தார். வழியில் எங்கேயோ நெடுஞ்சாலை ஓரத்தில் காரை நிறுத்தி, தாய் எப்படி இறந்தாள் என்பதை அவளுக்குச் சொல்லியிருக்கிறார். அவர்கள் உள்ளே வந்தபோது இருவருடைய கண்களும் வீங்கியிருந்தன. மீராவின் தலைமயிர் செம்பழுப்பு, முகம் அப்படியே தகப்பன்.

ஈசிஜி தாள் வெளியே வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஹெலனின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவர் கதிரையை இழுத்துப் போட்டு, மீராவின் முன்னால் உட்கார்ந்து, ஒரு மேட்டுக்கும் அடுத்ததுக்கும் இடையில் இருந்த தூரத்தைப் பென்சிலால் காட்டினார். மாத்திரையைப் பற்றிச் சொன்னார். போட்டியில் நீந்த முடியாது என்றார்.

மீரா நீச்சலைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. "மம்முக்கு இருந்ததும் இதுதானா?"

"அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அவருடைய இரத்தம் எங்களிடம் இல்லை. நிச்சயமாகச் சொல்ல முடியாது."

"தெரிந்திருந்தால் மம் இருந்திருப்பாரா?"

ஹெலன் ஏதாவது மென்மையாகச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் சொன்னார்: "இருந்திருக்க நல்ல வாய்ப்பு இருந்தது."

யோகேஸ்வரன் என் பக்கம் திரும்பித் தமிழில் கேட்டார். "நான் மறைச்சதாலயோ அக்கா?"

"டொக்டர்மாருக்கு நீங்கள் ஒண்டும் மறைக்கேல்லை. விழுந்ததைச் சொன்னனீங்கள். அவைக்குத்தான் விளங்கேல்லை. ஊருக்கு மறைச்சது அவ போன பிறகு."

அவர் தலையாட்டினார். அது அவருக்குப் போதுமாக இருந்ததா என்று தெரியாது.

மீரா மேசையில் கிடந்த நீளத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயரைத் தேடிக் கண்டுபிடித்தாள். ஹெலனின் கையிலிருந்த பென்சிலைக் கேட்டு வாங்கித் தன் வட்டத்தைத் தானே கறுப்பாக்கினாள். பிறகு தாயின் வட்டத்துக்குப் போனாள். ஹெலன் அவள் கைமீது தன் கையை வைத்தார். "அதை மட்டும் விட்டுவிடு. எங்களுக்குத் தெரியாது." மீரா பென்சிலை வைத்துவிட்டுத் தகப்பனின் தோளில் முகத்தைப் புதைத்தாள்.

வெளியே டானியல் நின்றிருந்தார். அவரை நாங்கள் கூப்பிடவில்லை, வேலை உடுப்போடு வந்திருந்தார். மீராவிடம் கையை நீட்டி, "நான் உன் ஏதோ ஒரு முறை கசின். நாங்கள் மிதக்காத ஆட்கள்," என்றார். அன்றைக்கு அவள் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

பிரிஜிட்டின் கிளைகளில் அதற்குப் பிறகும் பலரைக் கண்டுபிடித்தோம். சிலர் நன்றி சொன்னார்கள், சிலர் கதவைச் சாத்தினார்கள். அவளுடைய கடைசி மகன் நியூசிலாந்துக்குக் கப்பலேறியவன், அங்கே பெயரை மாற்றிக்கொண்டானோ என்னவோ, அவனுடைய சதுரத்துக்குக் கீழே இன்றுவரை ஒன்றும் இல்லை. நான் ஓய்வு பெற்ற நாளில் அந்தத் தாளைச் சுருட்டி அடுத்தவரிடம் கொடுத்தேன். கொடுத்துவிட்டு வாசல்வரை போய், அந்தச் சதுரத்தைப் பற்றி மறுபடியும் சொல்லத் திரும்பி வந்தேன்.

பிறகு ஒரு தடவை சிட்னிக்குப் போனேன். மேய்ஸ் ஹில்லில் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தபோது யோகேஸ்வரன் காரோடு நின்றார். சில வருடம் மாத்திரை போட்ட பிறகு, போட்டி இல்லாமல், ஆள் பார்த்துக்கொண்டிருக்க, மெதுவாக நீந்தலாம் என்று மீராவின் வைத்தியர் அனுமதித்திருந்தார். அன்றைக்கு அவள் நீந்துகிற நாள். "வந்து பாருங்கோ" என்றார்.

உள்ளரங்கக் குளம். மற்றப் பெற்றோர் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யோகேஸ்வரன், தனக்கு நீந்தவே தெரியாது என்று சொன்ன மனிதர், நின்ற இருதயத்தை மறுபடி துடிக்க வைக்கிற கருவிப் பெட்டியை மடியில் வைத்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இருந்தார். அதைப் பாவிக்க வகுப்புக்குப் போய்ப் படித்திருக்கிறார். கண் தண்ணீரை விட்டு அசையவில்லை.

"இருங்கோ அக்கா."

என்னால் இருக்க முடியவில்லை. மீரா சுவரை உதைத்துக்கொண்டு புறப்பட்டதும் நானும் குளத்தின் ஓரமாக, அவளுக்குச் சமமாக, நடக்கத் தொடங்கினேன். அவள் அந்தக் கரையைத் தொட்டாள். நானும் அங்கே நின்றேன். கண்ணாடியை நெற்றிக்கு உயர்த்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அன்ரி, நீங்க நடக்கிறதைப் பார்த்து டாட்டுக்குப் பயம் கூடுது. ப்ளீஸ், இருங்கோ."

ஓம் என்றேன். அவள் கண்ணாடியை இறக்கிக்கொண்டு திரும்பினாள். நானும் அவளோடு நடந்தேன்.